பெண் பார்க்கத் தேக்கடியில் படகேறியது

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போடிநாயக்கனூரிலிருந்து தேக்கடி ஏரிக்குப் போனேன். மோட்டார் படகில் மூன்று திட்டுகளைச் சுற்றி, குளித்து, தண்ணீருக்கடியில் என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு அன்றைக்கே ஊர் திரும்பினேன். வந்த நாளிலிருந்து ஆளாளுக்கு விவரம் கேட்கிறார்கள். பாதிப் பேர், பஸ் எத்தனை மணிக்கு என்கிறார்கள். மீதிப் பேர் குரலைத் தாழ்த்தி, "அந்தச் சோலி என்னாச்சு?" என்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நான் போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். வயது நாற்பத்தாறு. மனைவி தவறி எட்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. மண்டிக்கு மேல் மாடியில் ஓர் அறை எனக்கு. கீழே மூட்டைகள், மேலே நான், இரண்டு பேருக்கும் ஒரே வாசனை. எந்த முதலாளி எந்த மைத்துனனுக்குத் தெரியாமல் தோட்டம் வாங்கினார், எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் தனித்தனி அடுப்பு வைத்தார்கள் என்கிற சங்கதியெல்லாம் பகலில் என் மேஜைக்குத்தான் வந்து சேரும். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு மாடியேறினால் அதைச் சொல்லக் கேட்க ஆள் கிடையாது. வம்பு பேசுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை எந்தக் கோர்ட்டும் கொடுக்காது. சில நாள் சுவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். சுவர் அக்கறை காட்டவில்லை.

ராசிங்காபுரத்துப் பெருமாள்சாமி எங்கள் மண்டிக்குக் காய் போடுகிறவர். ஊரில் இறவைத் தோட்டம், மலை மெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம். என்னைக் 'கணக்கரே' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், பொங்கல் கழிந்து வந்தபோது 'மச்சான்' என்றார். மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காள் புருஷனாக வரக்கூடியவரைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிக் கூப்பிடுவது. அவருக்கு சௌந்தரம் என்று ஓர் அக்காள் இருப்பது எனக்குத் தெரியும். இருபது வயதில் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, இரண்டு தம்பிகளையும் இரண்டு கிணற்றுத் தோட்டத்தையும் தூக்கி நிறுத்தியவர். தம்பிகள் ஆளானார்கள், கிணறுகள் ஆழமாயின, சௌந்தரத்துக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது. பெருமாள்சாமிக்கு அது உள்ளூர உறுத்தல். அவர் மனைவி நாகம்மாளுக்கு உறுத்தல் வேறு ரகம், ஒரு சமையல்கட்டில் இரண்டு ராணிகள் என்று. இதை நான் சொன்னதாக யாரும் சொல்ல வேண்டாம்.

இந்த வயதில் பாய் விரித்து, கேசரி கிண்டி, சம்பிரதாயமாகப் பெண் பார்க்கப் போனால் ஊர் சிரிக்கும். அமையாமல் போனால் அந்தப் பெண்ணுக்குத்தான் பேர் கெடும். ஆகவே பெருமாள்சாமி ஒரு வழி செய்தார். நாலு பேர் ஏரி பார்க்கப் போகிறோம், அவ்வளவுதான். ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. படகில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதை எவனும் குற்றம் சொல்ல முடியாது. ஏரி பிடித்திருந்தது என்றால் பெண் பிடித்திருந்தது என்று அர்த்தம்.

எனக்கு இது அமைந்துவிட வேண்டும் என்று இருந்தது. வேடிக்கையாகச் சொல்லவில்லை. புதிதாக ஒரு மல் ஜிப்பா தைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று நரைமுடி பிடுங்க ஆரம்பித்து, போகப் போகத் தலையே மிச்சமிருக்காது என்று பயந்து நிறுத்தினேன்.

போடியிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பம் போகும் பஸ். கட்டணம் பன்னிரண்டணா. மதுரைக்காரர்கள் இப்போது மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிற ரயிலில் முதல் நாளே போடிக்கு வந்து தங்கிவிடுவது நல்லது. இடதுகைப் பக்கம் உட்காருகிறவர்களுக்கு வெயில் அடிக்கும். வலதுகைப் பக்கத்தில் மலை கூடவே வரும். சிலமலையில் கீரைக்கட்டோடு நாலு பேர் ஏறினார்கள். ராசிங்காபுரத்தில் நம்மவர்கள் மூவரும் கட்டுச்சோற்றுத் தூக்குகளோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"வாங்க மாப்ளே" என்றேன். பெருமாள்சாமியை அப்படிக் கூப்பிட நான் இரண்டு வாரம் தனியாகப் பழகியிருந்தேன்.

"மச்சான் முன்னாடியே எடம் போட்டு வச்சிருக்காக பாரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெண்கள் இருவரும் எதிர் வரிசையில்.

சௌந்தரம் நெடுநெடுவென்று உயரம். என்னைவிட இரண்டு விரற்கடை கூடவே இருக்கலாம். காதில் சிவப்புக்கல் தோடு, கையில் மண்வெட்டி பிடித்த காய்ப்பு. நான் வழி நெடுகக் கண்டக்டரிடம் தமாஷ் பேசிக்கொண்டு வந்தேன். கண்டக்டருக்காகவா பேசினேன்? பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். கீரைக்கட்டுக்காரி ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்காதவர் ஒருவர்தான். அவர் சன்னல் வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். தேவாரம் நெருங்கும்போது ஒரே ஒரு வார்த்தை பேசினார். அதுவும் நாகம்மாளிடம்.

"பொட்டிபுரத்துக்காரக இன்னும் பருத்தி எடுக்காமப் போட்டிருக்காக. வெடிச்சுக் கொட்டுது."

"பருத்தியப் பாக்கவா மதினி வந்தோம்?" என்றாள் நாகம்மாள். கணவனுக்கு அக்காளை மதினி என்பது அங்கே வழக்கம்.

"கண்ணு அதுலதான போகுது" என்றார் சௌந்தரம்.

கம்பத்தில் எட்டு மணிக்கு இறங்கினோம். நிலையத்துக்கு எதிர்க்கடையில் இட்லி நன்றாக இருக்கும், சாம்பாரை நம்ப வேண்டாம். எட்டரைக்குக் குமுளி பஸ், கட்டணம் எட்டணா. கூடலூர் தாண்டியதும் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு மலையேறத் தொடங்குகிறது. வளைவுகளில் எலுமிச்சம்பழம் முகர்ந்துகொள்பவர்கள் முகர்ந்துகொள்ளலாம். எல்லைச் சாவடியில் ஒரு சிப்பந்தி, அரிசி கடத்துகிறோமோ என்று தூக்குகளைத் திறக்கச் சொன்னார். உள்ளே புளியோதரை. நீளமாக ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, மனமில்லாமல் மூடினார். பத்து மணிக்குக் குமுளி. போடியிலிருந்து மொத்தம் நாற்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

குமுளியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சௌந்தரம் கடைக்குப் பின்பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு பப்பாளி இலைத் தண்டு, இலையைக் கிள்ளிப்போட்டுவிட்டு வெறும் குழலாக. மருந்துக்கோ என்னவோ என்று நான் கேட்கவில்லை. பெருமாள்சாமி மட்டும், "அக்கா, வேணாம்க்கா, வயசாச்சு" என்று சிரித்தார். சௌந்தரம் தண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டார்.

குமுளியிலிருந்து படகுத்துறை மூன்று மைல். நடக்கலாம். நிழல் உண்டு. நாங்கள் ஜீப்பில் போனோம், நாலு பேருக்கும் சேர்த்து ஒரு ரூபாய். துறையில் மோட்டார் படகு வைத்திருந்தவர் பெயர் பாப்பச்சன். நீலப் பெயிண்ட் அடித்த சின்னப் படகு, ஆறு பேர் உட்காரலாம். மூன்றரை மணி வரைக்கும் பன்னிரண்டு ரூபாய் என்றார். பேரம் பேசுவதற்காகவே பிறந்த ஊர் எங்களுடையது. அன்றைக்கு நான் பெருந்தன்மை காட்ட வேண்டியிருந்ததால் வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன்.

அந்த ஏரியை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு திடுக்கிடல் இருக்கும். தண்ணீர் நடுவே பட்டுப்போன மரங்கள் கறுப்பாக, கிளையில்லாமல் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது முங்கின காடு அது. மரத்துக்கு ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முன்னே குன்றுகளாக இருந்தவற்றின் உச்சிகள் இப்போது புல்லும் புதருமாகத் திட்டுத் திட்டாக வெளியே தெரிகின்றன. மழைக்காலத்தில் போனால் பாதி முங்கியிருக்கும். மாசி, பங்குனிதான் சரியான சமயம்.

அகலமான இடத்துக்கு வந்ததும் பாப்பச்சன் மோட்டாரை முறுக்கினார். படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. சாரல் முகத்தில் அடித்தது. நாகம்மாள் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். சௌந்தரம் எதையும் பிடிக்கவில்லை.

"சாரே, அவடெ நோக்கு. நீர்நாய்" என்றார் பாப்பச்சன். முதல் திட்டின் ஓரத்தில் நாலைந்து வழவழப்பான தலைகள் எட்டிப் பார்த்துவிட்டு முங்கின.

முதல் திட்டில் இறங்கி நடக்கலாம், அவ்வளவுதான். சுற்றிவரப் பத்து நிமிஷம். உச்சியில் ஒரு பாறை. அதன்மேல் ஏறி நின்றால் நாலு பக்கமும் தண்ணீர், அதற்கப்பால் காடு, ஓர் ஆள் சத்தம் கிடையாது. மண்டியில் எந்நேரமும் காய் கொட்டுகிற, கூலிக்காரர்கள் கத்துகிற இரைச்சலில் இருக்கிறவனுக்கு அது முதலில் சுகமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில், இது எனக்கு ஏற்கெனவே பழக்கமான அமைதிதானே என்று தோன்றியது. இறங்கி வந்துவிட்டேன்.

பாப்பச்சனிடம் ஒரு சாதனம் உண்டு. மண்ணெண்ணெய் டின்னின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே கண்ணாடிச் சில்லு பதித்து, சுற்றிலும் தார் பூசியிருந்தார். அதைத் தண்ணீரில் அரையடி அமுக்கி, மேலேயிருந்து உள்ளே முகத்தை விட்டுப் பார்த்தால் அடியிலிருப்பது தெளிவாகத் தெரியும். மோட்டாரில் மரக்கட்டை இடித்துவிடாமல் பார்ப்பதற்காகச் செய்தது. கேட்டால் பார்க்கத் தருவார். இரண்டாவது திட்டுக்குப் போகும் வழியில் ஆளுக்கொரு தடவை பார்த்தோம். அடியில் வேர்கள், பாசி, வெயில் கோடு கோடாக இறங்குகிற பச்சைத் தண்ணீர். தடித்த செதிலோடு ஒரு பெரிய மீன் அசையாமல் நின்றது. அதற்குக் குயில் என்று பெயராம். "பாடுமா?" என்று கேட்டேன். பாப்பச்சன் சிரிக்கவில்லை. சௌந்தரம் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அந்த மாதிரியை வைத்துக்கொண்டே நான் அடுத்த ஒரு மைல் சந்தோஷமாக வந்தேன்.

குளிக்கத் தோதான இடம் இரண்டாவது திட்டுதான். ஒரு பக்கம் மணற்சரிவு, இடுப்பளவுக்கு மெள்ள இறங்கும். மறுபக்கம் சட்டென்று ஆழம். "அப்பறம் போகல்லே, அடியில் மரக்குற்றி உண்டு. சூட்சிச்சு வேணும்" என்று, ஆழமான பக்கம் போக வேண்டாம், முங்கின மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது என்று பாப்பச்சன் எச்சரித்தார். பெருமாள்சாமி வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு பாய்ந்தார். கிணற்றுக்கார வீட்டுப் பிள்ளைகள் நடக்கிறதற்கு முன்னால் நீந்துவார்கள். நான் நீந்துவதாகச் சொல்லிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கையை அடித்தேன். பிறகு, யாரும் பார்ப்பதற்குள் படகுக்கே திரும்பி, ஜிப்பாவை மாட்டிக்கொண்டு, டின்னை வாங்கி மீன் பார்க்க உட்கார்ந்தேன். நாகம்மாள் படகில் தூக்குகளுக்குக் காவல் இருந்தாள். சௌந்தரம் புதர் மறைவில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பக்கமாக இறங்கினார் என்பது எனக்குத் தெரியும். பார்க்கக் கூடாது என்று மரியாதையாக முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

படகு காற்றுக்கு மெதுவாகத் திரும்பியது. டின்னுக்குள் முதலில் ஒரு மரத்தின் வேர் தெரிந்தது. அடுத்து ஒரு கை அந்த வேரைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு கூந்தல் முழுவதும் அவிழ்ந்து தண்ணீரில் பரவி நின்றது. மேலே ஓர் அசைவு இல்லை. ஒரு குமிழி இல்லை.

அதற்குப் பிறகு நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. புது ஜிப்பாவோடு குதித்தேன். குதித்த இடம் ஆழம். அவர் தோளென்று நினைத்து எதையோ பற்றிக்கொண்டு, வாயில் போன தண்ணீரைத் துப்பிவிட்டு, இரண்டு குன்றும் எதிரொலிக்கிற மாதிரி கத்தினேன்.

"தங்கச்சி! கையக் குடு! கையக் குடு தங்கச்சி, நான் இருக்கேன்!"

சௌந்தரம் நிதானமாகத் தலையைத் தூக்கினார். வாயிலிருந்து பப்பாளித் தண்டை எடுத்தார். அதன் ஒரு முனை இத்தனை நேரமும் தண்ணீருக்கு மேலே இருந்திருக்கிறது. சின்ன வயதில் கிணற்றுக்குள் முங்கிக்கொண்டு அதன் வழியாக மூச்சு விடுவார்களாம். தம்பிகள் தேடி அழுவார்களாம்.

"நான் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்கதான் இப்ப முங்கப் போறீக" என்றார். அது உண்மைதான். நான் பற்றியிருந்தது அவர் தோளில்லை, மரக்குற்றி. அதுவும் வழுக்கியது. அவர் என் ஜிப்பாக் கழுத்தைப் பிடித்து, ஒரு கையால் நீந்தி, கன்றுக்குட்டியை இழுத்து வருவதுபோல மணலில் கொண்டுவந்து சேர்த்தார்.

தண்ணீரிலிருந்து தப்பியவனிடம் எப்படியிருக்கிறது என்று கேட்பார்கள் இல்லையா, அதை ஒருவரும் கேட்கவில்லை. நாகம்மாள்தான் படகிலிருந்து ஆரம்பித்தாள்.

"ஏங்க, அவுக மதினிய என்னன்னு கூப்பிட்டாக?"

"காதுல விழுந்துச்சுல்ல" என்றார் பெருமாள்சாமி.

"ரெண்டு தடவ சொன்னாக."

"விழுந்துச்சுங்கிறேன்."

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எங்கள் பக்கத்தில் முறை சொல்லிக் கூப்பிடுவது சும்மா இல்லை. நாலு பேர் கேட்க ஒருத்தியைத் தங்கச்சி என்று சொன்னவன் அவள் கழுத்தில் தாலி கட்ட முடியாது. தெரியாமல் சொன்னேன், பதற்றத்தில் சொன்னேன் என்பதெல்லாம் செல்லாது. பதற்றத்தில் வருவதுதான் மனசில் உள்ளது என்பார்கள்.

என் மனசில் உள்ளது அது இல்லை. நாக்கில் இருந்தது. தாரம் இழந்த ஆண்பிள்ளை ஒரு சின்ன ஊரில் பேர் கெடாமல் நடமாட வேண்டுமானால், கண்ணில் படுகிற பெண்களையெல்லாம் உடன்பிறப்பாக்கிக்கொள்வது ஒன்றே வழி. மண்டியில் காய் பொறுக்குகிற பெண்கள், தயிர்க்காரி, ஓட்டல்காரர் சம்சாரம் எல்லோரும் எனக்குத் தங்கச்சிதான். என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பொறுக்குக்காரி, "என்னயப் போயித் தங்கச்சிங்கிறீகளே அப்பு" என்று சண்டைக்கே வந்திருக்கிறாள். எட்டு வருஷமாக என்னை யோக்கியனாக வைத்திருந்த வார்த்தை. 'மாப்ளே' சொல்லப் பழகிய நான், அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று பழகிக்கொள்ளவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவளைக் கூப்பிட என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. ஆபத்து என்றதும் கைக்கு அகப்பட்டதை எடுத்துவிட்டேன்.

பெருமாள்சாமி நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று முகத்தை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து எனக்குக் கை கொடுத்தார்.

"சரி. எந்திரிச்சுப் படகுல ஏறுங்கண்ணே."

மச்சான் போய்விட்டது. அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. அக்காளுக்கு அண்ணன் என்றால் அவருக்கும் அண்ணன்தானே. நானும், "சரி தம்பி" என்றேன். வேறென்ன சொல்ல?

மூன்றாவது திட்டில் சாப்பாடு. அங்கே நாலைந்து உயிருள்ள மரங்களும் நல்ல நிழலும் உண்டு. எதிர்க்கரையில் அதிர்ஷ்டமிருந்தால் யானை தண்ணீருக்கு வரும். எங்களுக்கு இருந்தது, குட்டியோடு ஏழு உருப்படி. பெருமாள்சாமியும் நாகம்மாளும் பாப்பச்சனோடு முன்முனைக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜிப்பாவைப் பிழிந்து ஒரு கிளையில் போட்டுவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன்.

சௌந்தரம் இலையில் புளியோதரையும் துவையலும் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். ஒரு கை தூரத்தில், காலை நீட்டி உட்கார்ந்தார். காலையிலிருந்து என் முகத்தை நேராகப் பார்க்காதவர், இப்போது தாராளமாகப் பார்த்தார்.

"குயிலு பாடுமான்னு கேட்டீகள்ல, அப்பவே சிரிப்பு வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்."

"ஏன் அடக்கணும்?"

"சிரிச்சா சம்மதம்னு நாகம்மா எழுதி ஒட்டிருவா."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்கப்புறம் பேச்சு பெருக்கெடுத்துவிட்டது. நாகம்மாள் எண்ணெய்ச் சட்டியை ஒளித்துவைப்பதைப் பற்றிச் சொன்னார். நான் எங்கள் முதலாளி தன் மைத்துனரைப் பார்த்தால் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிவதை நடித்துக் காட்டினேன். தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். எட்டு வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த சங்கதிகள் அந்த அரைமணியில் ஒரு நல்ல காதுக்குப் போய்ச் சேர்ந்தன. என் மனைவியைப் பற்றிக் கேட்டார். எப்படிப் போனாள், கடைசியில் என்ன கேட்டாள் என்று. அதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. தமாஷ் பேசுகிறவனிடம் யாரும் கேட்பதில்லை. சொன்னேன்.

சொல்லி முடித்த தைரியத்தில், "அது வாய் தவறி வந்தது. திருப்பி எடுக்க வழியில்லையா?" என்று கேட்டேன்.

அவர் இலையில் ஒட்டியிருந்த சோற்றை ஒதுக்கினார்.

"காலைல பஸ்சு ஏறும்போது சரிங்கிற மனசோடதான் ஏறுனேன். ஒங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்."

"அப்ப?"

"இப்ப இல்ல. ஊரு முறைக்காகச் சொல்லல. தம்பிக ரெண்டு பேருக்கும் நான்தான் மூத்தவ. இருவது வயசுலேருந்து யாரு விழுந்தாலும் நான்தான் குதிக்கணும். எனக்குன்னு ஒருத்தர் குதிச்சு இன்னைக்குத்தான் பாத்தேன். அதுவும் நீச்சத் தெரியாம." யானைகள் பக்கம் திரும்பினார். "அந்த முறைய வேற முறையா மாத்திக்க எனக்கு மனசு வரல. மாத்தினாலும் ஊரு விடாது. ஊர விடுங்க, எனக்கே வேணாம். இருந்துட்டுப் போகட்டும்ணே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்ததும், சிரித்ததும், என் மனைவியைப் பற்றிக் கேட்டதும், எல்லாம் அந்த வார்த்தை கொடுத்த சுதந்திரம். மாப்பிள்ளை என்று வந்தவனிடம் அந்த அரைமணியை அவர் கொடுத்திருக்க மாட்டார். அது கிடைத்ததற்கும் மற்றது போனதற்கும் காரணம் ஒன்றேதான். யானைகள் கரையேறிக் காட்டுக்குள் போய்விட்டன. குட்டி கடைசியாகப் போனது.

மூன்றரைக்குத் துறை. நாலேகாலுக்குக் குமுளியிலிருந்து பஸ், அதுதான் கடைசி வண்டி. தவறவிட்டால் குமுளியில் தங்க வேண்டியதுதான். கம்பத்தில் காலையில் வந்த அதே போடி வண்டிக்கு மாறி, ஏழு மணிக்கு ராசிங்காபுரம். "வர்றேண்ணே" என்று மூவருமே சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். மிச்சமிருந்த புளியோதரைத் தூக்கை சௌந்தரம் என் மடியில் வைத்துவிட்டுப் போனார். சிலமலையில் மற்றவர்களும் இறங்கிவிட, போடி வரைக்கும் பஸ்ஸில் நானும் டிரைவரும் கண்டக்டரும்தான். கண்டக்டர், "என்ன கணக்கரே, காலையில அந்தப் பேச்சுப் பேசினீக, இப்ப சத்தத்தையே காணோம்" என்றார். தொண்டையில் தண்ணீர் போய்விட்டது என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: மாற்றுத் துணி இரண்டு செட் கொண்டுபோங்கள். மழை நாளில் போனால் அட்டை ஏறும், கால் நிறையப் புகையிலைச் சாறு பூசிக்கொள்ளுங்கள். இரண்டாவது திட்டில் மணற்பக்கம் மட்டும் குளியுங்கள். கண்ணாடி டின்னைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், காலை வெயிலில்தான் அடி தெரியும், மத்தியானத்துக்கு மேல் கலங்கலாக இருக்கும். சாப்பாடு கட்டிக்கொண்டே போய்விடுங்கள். நாலு பேர் சேர்ந்து போனால் தலைக்கு ஆறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். படகுக்கு ஒருவராகப் போனாலும் அதே பன்னிரண்டு ரூபாய்தான். தனி ஆளுக்குச் சலுகை கிடையாது, விசாரித்துவிட்டேன். கூட வருகிறவர்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடப் போகிறீர்கள் என்பதை வீட்டிலேயே சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

'அந்தச் சோலி என்னாச்சு' கட்சிக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. சித்திரை கடைசியில் பெருமாள்சாமி மண்டிக்கு வந்தார். தேவாரத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கிற ஒருவர் சௌந்தரத்தைப் பார்க்க வருகிறாராம். அண்ணன் முறையில் நான் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டுமாம். "அக்கா சொல்லுச்சு, நீங்க பாத்துச் சரின்னாத்தான் சரியாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை போனேன். இந்தத் தடவை பாய் விரித்துத்தான் நடந்தது. மாப்பிள்ளைக்கு நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். கேசரியைச் சிந்தாமல் சாப்பிட்டார். குறை கண்டுபிடிக்க நான் உண்மையாகவே முயற்சி செய்தேன். கிடைக்கவில்லை.

கை கழுவக் கிணற்றடிக்கு வந்தவர் என்னிடம் தனியாக, "அண்ணாச்சி, ஒங்க தங்கச்சி சுபாவத்தைப் பத்தி நான் தெரிஞ்சுக்கிட வேண்டியது எதுவும் இருக்கா?" என்று கேட்டார். வாசலில் பெருமாள்சாமி நின்றிருந்தார். உள்ளே வளையல் சத்தம் நின்றது. எனக்கு வாயில் மூன்று தமாஷ் வந்தன. மூன்றையும் விழுங்கினேன்.

"நீச்சத் தெரியுமா ஒங்களுக்கு?" என்றேன்.

"தெரியாது."

"அவளுக்கு நல்லாத் தெரியும். தண்ணியப் பாத்தா முங்கிருவா. வெரசா மேல வரமாட்டா. அப்ப நீங்க பதறக் கூடாது, கத்தக் கூடாது. கரையில சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே இருங்க. அவளா வருவா."

அவர் அதை மனப்பாடம் செய்கிறவர்போலத் தலையாட்டினார். வைகாசியில் கல்யாணம். பந்தியில் சாப்பாடு பிரமாதம். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி நான் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிட்டேன்.